இரண்டு கல்லூரியிலும் ஒன்றாகச் சேரலாமா?

கேள்வி: அரிசோனா மாநிலம் சாண்ட்லரில் வசிக்கிறேன். வயது 36. 2009-இல் திருச்சியில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்தேன். சென்ற ஆண்டு எங்களுக்குக் கிரீன் கார்டு கிடைத்தது. பிள்ளைகளுக்கு ஒன்பது வயதும் ஆறு வயதும். செவிலியர் படிப்புப் படிக்க நெடுநாள் ஆசை. இங்குள்ள சமுதாயக் கல்லூரியில் அசோசியேட் பட்டத்தையும், அதனுடன் ஒப்பந்தம் செய்துள்ள பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டத்தையும் ஒரே சமயத்தில் படிக்கலாம் என்று கேள்விப்பட்டேன். என் கொழுந்தனாரோ, "அண்ணி, இரண்டு வருடப் படிப்பை யார் மதிப்பார்கள்? நேராக நான்கு வருடப் படிப்பில் சேருங்கள்" என்கிறார். எதற்கு என்ன தகுதி வேண்டும்? என் பழைய பட்டம் உதவுமா? பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் நான், ஆங்கிலம் தடையாகுமா? இந்த வயதில் தொடங்குவது சரிதானா? (வாசகி, சாண்ட்லர்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் நான் செவிலியர் படிப்பில் சேர்ந்தபோது எனக்கு வயது 34. இடுப்பில் ஒரு குழந்தை, பள்ளியில் ஒரு குழந்தை. இன்று சமுதாயக் கல்லூரி மாணவர்களை மருத்துவமனை வார்டுக்கு அழைத்துச் சென்று கற்பிக்கும் பயிற்றுநராக இருக்கிறேன். இப்போது என்னிடம் இருக்கும் குழுவில் ஒன்பது பேர். அவர்களில் ஐந்து பேர் முப்பதைத் தாண்டியவர்கள். வயதை இத்துடன் விட்டுவிடுவோம். அதைவிடக் கடினமான கேள்விகள் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன.

உங்கள் கொழுந்தனார் சொல்வதில் பாதி சரி. தவறான பாதியை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் ஆர்.என். எனப்படும் பதிவு பெற்ற செவிலியராக வேண்டுமானால் மாநில செவிலியர் வாரியம் அங்கீகரித்த படிப்பை முடித்து, என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வில் தேற வேண்டும். அசோசியேட் பட்டம் பெற்றவரும் இளநிலைப் பட்டம் பெற்றவரும் எழுதுவது ஒரே தேர்வுதான். இருவருக்கும் கிடைப்பது ஒரே உரிமம். உரிமத்தில் நீங்கள் எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்று அச்சிடுவதில்லை. நள்ளிரவில் நோயாளியின் இரத்த அழுத்தம் சரியும்போது என்ன செய்ய வேண்டும் என்பதும் இருவருக்கும் ஒன்றே.

இந்த இரண்டாண்டுப் படிப்பு யாரோ அவசரத்தில் கட்டிய குறுக்குவழியும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் செவிலியர் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அப்போதெல்லாம் பெரும்பாலானவர்கள் மருத்துவமனைகளிலேயே தங்கி, வேலையும் பயிற்சியுமாக மூன்றாண்டு டிப்ளமா படித்தார்கள். மில்ட்ரெட் மான்டாக் என்ற செவிலியர் பேராசிரியை, இந்தக் கல்வியை மருத்துவமனையிலிருந்து எடுத்து இரண்டாண்டுக் கல்லூரிகளில் வைக்கலாம் என்று தம் ஆய்வில் முன்மொழிந்தார். 1951-இல் அது நூலாக வந்தது. அடுத்த ஆண்டே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி வழியாகச் சோதனைத் திட்டம் தொடங்கியது. திருமணமானவர்களும் பிள்ளை பெற்றவர்களும் வயதில் மூத்தவர்களும் இந்தத் தொழிலுக்குள் வருவதற்குக் கதவைத் திறந்தது அந்தத் திட்டம்தான். உங்களையும் என்னையும் போன்றவர்களுக்காகவே போட்ட பாதை என்று எனக்கு எப்போதும் தோன்றும். அதை "இரண்டு வருடப் படிப்பு" என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கோபம் வரும்.

சரியான பாதி இது. வேலைச் சந்தை இளநிலைப் பட்டத்தை நோக்கி நகர்ந்துவிட்டது. பென்சில்வேனியா மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றிச் செவிலியத் துறை ஆய்வாளர் லிண்டா ஏக்கனும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, இளநிலைப் பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 சதவீதம் கூடும் மருத்துவமனைகளில் நோயாளி இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவதைக் காட்டியது. சிறந்த செவிலியப் பணிக்கான அங்கீகாரமாகிய மேக்னட் தகுதியைப் பெற விரும்பும் மருத்துவமனைகளில் செவிலியர் மேலாளர்கள் அனைவரும் செவிலியர் துறையில் இளநிலை அல்லது அதற்கு மேற்பட்ட பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பது 2013 முதல் விதி. நியூயார்க் மாநிலம் 2017-இல் ஒரு சட்டமே இயற்றியது: புதிதாக உரிமம் பெறுபவர்கள் பத்து ஆண்டுகளுக்குள் இளநிலைப் பட்டத்தை முடிக்க வேண்டும். அரிசோனாவில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் ஃபீனிக்ஸ் வட்டாரத்துப் பெரிய மருத்துவமனைகளின் வேலை விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். இளநிலைப் பட்டத்தைக் கேட்கும் வரி அடிக்கடி கண்ணில் படும். ஆகவே இளநிலைப் பட்டம் உங்களுக்கு வேண்டும். அதை எந்த வரிசையில், யார் செலவில், வீட்டில் எவ்வளவு பாரத்தோடு பெறுவது என்பதே நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

இப்போது கூட்டுப் படிப்புக்கு வருவோம். உங்கள் ஊரிலுள்ள சாண்ட்லர்-கில்பர்ட் கல்லூரி உட்படப் பத்துக் கல்லூரிகளைக் கொண்டது மரிக்கோப்பா சமுதாயக் கல்லூரி மாவட்டம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், வடக்கு அரிசோனா பல்கலைக்கழகம் போன்றவற்றோடு அது ஒப்பந்தம் வைத்திருக்கிறது. நீங்கள் இரண்டு இடத்திலும் மாணவியாகப் பதிவீர்கள். வார்டுப் பயிற்சி, ஆய்வகம், செவிலியர் பாடங்கள் எல்லாம் சமுதாயக் கல்லூரியில், நான்கு பருவங்களாக நடக்கும். அங்கே அவற்றைப் 'பிளாக்' என்று எண் போட்டுச் சொல்வார்கள். அதே காலத்திலும் கோடை விடுமுறையிலும் பல்கலைக்கழகத்தின் மேல்நிலைப் பாடங்களை, அதாவது சமூக நலச் செவிலியம், தலைமைப் பண்பு, ஆய்வுச் சான்றுகளைப் படித்துப் பயன்படுத்துதல், சுகாதாரக் கொள்கை ஆகியவற்றை, பெரும்பாலும் இணையவழியில் படிப்பீர்கள். முடிவில் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு பட்டமும் கையில் இருக்கும்.

இதில் ஒப்பந்தம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொள்ளுங்கள். சமுதாயக் கல்லூரி தருவது பயன்பாட்டு அறிவியல் அசோசியேட் பட்டம். வேலைக்கு நேராக அனுப்புவதற்காக அமைத்த பட்டம் அது. பொதுவாக அந்த வகைப் பட்டத்தின் கிரெடிட்டுகளை, அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் அலகுகளை, பல்கலைக்கழகங்கள் முழுவதுமாக ஏற்பதில்லை. கூட்டு ஒப்பந்தம் இருக்கும்போது செவிலியர் பாடங்களின் கிரெடிட்டுகள் மொத்தமாக இளநிலைப் பட்டத்தின் 120 கிரெடிட் கணக்கில் சேர்ந்துவிடும். ஒப்பந்தம் இல்லாத கல்லூரியில் படித்துவிட்டு, பிறகு "இந்தப் பாடம் செல்லாது, அந்தப் பாடத்தை மறுபடி படி" என்று கேட்டுக் கண்கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லா மாநிலத்திலும் இந்த ஏற்பாடு ஒரே மாதிரி இருக்காது. உறவினர்கள் வேறு ஊரில் இருந்தால் அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓரிகனில் சமுதாயக் கல்லூரிகளும் மாநில மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் ஒரே பாடத்திட்டத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அசோசியேட் பட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து இளநிலையும் முடிக்கலாம். வட கரோலினாவில் உருவான ஏற்பாட்டில் மாணவர்கள் முதல் மூன்று ஆண்டுகளைச் சமுதாயக் கல்லூரியில் கழிப்பார்கள்; பருவத்துக்கு ஒரு பல்கலைக்கழகப் பாடத்தையும் சேர்த்துப் படிப்பார்கள்; மூன்றாம் ஆண்டு முடிவில் என்கிளெக்ஸ் எழுதி, நான்காம் ஆண்டைப் பல்கலைக்கழகத்தில் முடிப்பார்கள். ஆண்டு ஒன்று கூடினாலும் மூச்சுவிட இடம் கிடைக்கும் அந்த முறை, குடும்பப் பெண்களுக்கு மிகவும் ஏற்றது என்பது என் எண்ணம்.

தகுதிகளில் எல்லோரும் இடறுவது முன்தேவைப் பாடங்களில்தான். செவிலியர் படிப்பு "இரண்டு ஆண்டு" என்று சொல்வார்கள். அதற்கு முன் படிக்க வேண்டியவற்றைச் சொல்ல மறந்துவிடுவார்கள். உயிரியல் அடிப்படை, வேதியியல், இரண்டு பருவ உடற்கூறியல்-உடலியங்கியல், நுண்ணுயிரியல், கல்லூரிக் கணிதம், ஆங்கிலக் கட்டுரை, உளவியல். இவை ஏறத்தாழ எல்லா இடத்திலும் உண்டு. கூட்டுப் படிப்பானால் பல்கலைக்கழகம் தன் பங்குக்குப் புள்ளியியல், ஊட்டச்சத்தியல், மனித வளர்ச்சி, சில கலைப் பாடங்கள் என்று கேட்கும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவற்றை முடிக்க ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டு ஆகும். அதன் பிறகே பிளாக் ஒன்று. ஆக உங்கள் கணக்கு நான்கு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவரிடமும் அதையே சொல்லுங்கள். இரண்டு ஆண்டு என்று சொல்லிவிட்டு நடுவில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது பெரிய வேதனை.

உங்கள் திருச்சிப் பட்டம் உதவுமா? உதவும், நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு உதவாது. முதலில் அதை அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கொடுத்து மதிப்பிட வேண்டும். விண்ணப்பிக்கும்போது வெறும் பட்ட மதிப்பீட்டைக் கேட்காதீர்கள். பாடவாரி மதிப்பீட்டைக் கேளுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடும், ஆனால் எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்று தெரிந்தால்தான் கல்லூரி எதையாவது விலக்கித் தரும். மதிப்பெண் பட்டியலை உங்கள் பல்கலைக்கழகமே முத்திரையிட்டு அனுப்ப வேண்டியிருக்கும். திருச்சியில் யாராவது நேரில் போய் நின்றால் வேலை விரைவில் நடக்கும். அண்ணனோ தம்பியோ இருந்தால் இன்றே சொல்லிவையுங்கள்.

வேதியியலும் கலைப் பாடங்கள் சிலவும் உங்களுக்கு விலக்காகக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உடற்கூறியலையும் நுண்ணுயிரியலையும் மட்டும் மறுபடி படிக்கத் தயாராக இருங்கள். பல கல்லூரிகள் அறிவியல் பாடங்களுக்கு ஆண்டு வரம்பு வைத்திருக்கின்றன. 2009 அந்த வரம்புக்குள் வருவது கடினம். வரம்பு இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். சிறுநீரகம் எப்படி உப்பையும் நீரையும் கையாள்கிறது என்பது பதினைந்து ஆண்டுக்கு முன் படித்த நினைவாக இருந்தால், நீர்நீக்கி மருந்து கொடுக்கும்போது பொட்டாசியத்தை ஏன் பார்க்க வேண்டும் என்பது மனப்பாடமாகத்தான் இருக்கும். என் மாணவர்களில் பிளாக் இரண்டில் தடுமாறுகிறவர்களை உட்கார வைத்துப் பேசினால், பத்தில் எட்டு முறை வேர் உடலியங்கியலில் இருக்கிறது.

மூன்றாண்டுப் பட்டம் பற்றியும் ஒரு சொல். சில மதிப்பீட்டு நிறுவனங்கள் நம் மூன்றாண்டு பி.எஸ்சி.யை அமெரிக்க இளநிலைக்குச் சமம் என்று எழுதும். சில, மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பு என்று மட்டும் எழுதும். சமம் என்று வந்தால், ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கான விரைவு இளநிலைச் செவிலியர் படிப்பின் கதவும் திறக்கும். ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும் படிப்பு அது, செலவு பலமடங்கு, வாரம் முழுவதும் வேறு எதற்கும் நேரம் இருக்காது. ஆறு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொரு பக்கமும் உண்டு. கிரீன் கார்டு இருப்பதால் கூட்டரசின் கல்வி நிதியுதவிக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் திருப்பிச் செலுத்த வேண்டாத பெல் உதவித்தொகை, இளநிலைப் பட்டம் பெற்றுவிட்டவர்களுக்குக் கிடையாது. வெளிநாட்டுப் பட்டமும் கணக்கில் வரும். உங்கள் பட்டம் அமெரிக்க இளநிலைக்குச் சமமில்லை என்பதற்கு ஆவணம் இருந்தால் நிதியுதவி அலுவலகம் அதைப் பரிசீலிக்கலாம். எப்படியிருந்தாலும் விண்ணப்பத்தில் பட்டத்தை மறைக்காதீர்கள். "யார் பார்க்கப் போகிறார்கள்" என்று யோசனை சொல்பவர்கள் நம்மவர்களிலேயே இருக்கிறார்கள். செவிலியர் தொழிலில் நேர்மை குறித்த ஒரு கறை, உரிமம் வரைக்கும் பின்தொடரும்.

அடுத்தது நுழைவுத் தேர்வு. மரிக்கோப்பாவில் ஹெசி ஏ2. வேறு பல கல்லூரிகளில் டீஸ். கணிதம் நம் எட்டாம் வகுப்புப் பின்னமும் சதவீதமும் விகிதமும்தான். ஆங்கில வாசிப்பும் சொல்வளமும் உங்களுக்குக் கொஞ்சம் உழைப்புக் கேட்கும். அத்துடன் மாநிலக் காவல் துறை வழங்கும் முதல் நிலைக் கைரேகை அனுமதி அட்டை வேண்டும். பின்னணிச் சரிபார்ப்பு, போதைப்பொருள் சோதனை, சி.பி.ஆர். சான்றிதழ், தடுப்பூசிப் பதிவுகள் எல்லாம் வேண்டும். தடுப்பூசியில் நம் ஊரில் பிறந்தவர்களுக்கு வரும் ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். தோளில் பி.சி.ஜி. ஊசித் தழும்பு இருப்பவர்களுக்குக் காசநோய்க்கான தோல் சோதனை, நோயே இல்லாமலும் தடித்துக் காட்டலாம். பிறகு மார்பு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று அலைய வேண்டியிருக்கும். தொடக்கத்திலேயே குவாண்டிஃபெரான் போன்ற இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். பி.சி.ஜி. ஊசி அதன் முடிவைப் பாதிக்காது.

மதிப்பெண்ணைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. நம் ஊரில் நாற்பது எடுத்தால் தேர்ச்சி என்ற பழக்கத்தில் வளர்ந்தோம். இங்கே செவிலியர் பாடங்களில் தேர்ச்சிக் கோடு 75-ஐ ஒட்டி இருக்கும். 74.6 எடுத்தவரை 75 ஆக்குவதில்லை. மருந்தளவுக் கணக்குத் தேர்வில் கோடு இன்னும் மேலே. ஒரு பாடத்தில் தவறினால் அந்தப் பருவத்தைத் திரும்பப் படிக்கலாம். இரண்டாம் முறை தவறினால் பல கல்லூரிகளில் இடமே போய்விடும். கேள்விகளும் நினைவைச் சோதிப்பவை இல்லை. நான்கு விடையும் சரியாக இருக்கும், எதை முதலில் செய்வீர்கள் என்று கேட்பார்கள். நன்றாகப் படித்த நம் பெண்கள் முதல் தேர்வில் 68 எடுத்துவிட்டு என் அறையில் வந்து அழுதிருக்கிறார்கள். அது அறிவுக் குறை இல்லை. கேள்வியின் வகை புதிது. இரண்டு மூன்று தேர்வில் பழகிவிடும். 2023 ஏப்ரலில் மாற்றியமைத்த என்கிளெக்ஸ் தேர்வும் இதே போக்கில்தான் இருக்கிறது: ஐந்து மணி நேரம், 85 முதல் 150 கேள்விகள், நோயாளி ஒருவரின் பதிவேட்டை விரித்து வைத்து அதிலிருந்து தொடர்ச்சியாக முடிவெடுக்கச் சொல்லும்.

இனி நான் மிகவும் சொல்ல விரும்புவது. கூட்டுப் படிப்பின் உண்மையான தகுதி விதி எந்த அறிவிப்பிலும் அச்சாகவில்லை. அது உங்கள் வீட்டில் இருக்கிறது. வார்டுப் பயிற்சி நாளில் காலை ஆறரைக்கு வார்டில் நிற்க வேண்டும். பிள்ளைகளை யார் எழுப்புவார், யார் பேருந்து நிறுத்தத்துக்குக் கூட்டிப்போவார், காய்ச்சல் வந்தால் யார் வீட்டில் இருப்பார்? வார்டிலிருந்து வந்து, மறுநாள் நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தை எழுதி முடித்தபின், இரவு பத்து மணிக்குப் பல்கலைக்கழகத்தின் இணைய வகுப்பு காத்திருக்கும். வாரம் தவறாமல் விவாதப் பதிவு, மேற்கோள் விதி பிசகாத கட்டுரை.

என் மாணவி ஒருவர், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், கெட்டிக்காரர். முதல் பருவத்திலிருந்தே இரண்டிலும் பதிந்தார். அவருடைய அம்மா வருகையாளர் விசாவில் வந்து ஆறு மாதம் வீட்டைத் தாங்கினார். எல்லாம் அழகாகப் போனது. அம்மா விமானம் ஏறிய மூன்றாம் வாரம் அவருடைய மதிப்பெண் சரியத் தொடங்கியது. பிளாக் இரண்டின் நடுவில் என்னிடம் வந்தபோது கண்ணுக்குக் கீழே கருவளையம். நாங்கள் பேசி, பல்கலைக்கழகப் பாடங்களை மட்டும் நிறுத்திவைத்தார். அசோசியேட் பட்டத்தை முடித்தார், உரிமம் பெற்றார், வேலைக்குச் சேர்ந்தார். பிறகு மருத்துவமனையின் கல்வி உதவியோடு, நிதானமாக, இளநிலைப் பட்டத்தையும் முடித்தார். அவர் கூட்டுப் படிப்பில் தோற்றவர் என்று யாராவது சொன்னால் ஒப்ப மாட்டேன். ஆனால் அந்த மூன்று மாதத் துன்பம் தேவையில்லாதது. ஊரிலிருந்து பாட்டி வருவார் என்பதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். நான்கு பருவத்துக்கும் நிற்கும் ஏற்பாடு வேண்டும்: கணவரின் வேலை நேர மாற்றம், பள்ளிக்குப் பிந்தைய காப்பகம், அண்டை வீட்டுத் தோழி.

அந்த ஏற்பாடு இருந்தால் கூட்டுப் படிப்பில் சேருங்கள். இல்லையென்றால் அசோசியேட் பட்டத்தை மட்டும் எடுத்து, ஆர்.என். ஆகி, வேலையிலிருந்தபடி இளநிலையைத் தொடருங்கள். செலவுக் கணக்கிலும் இரண்டாவது வழிக்கு ஒரு நன்மை உண்டு. வேலை தருபவர் கல்விக்காகக் கொடுக்கும் தொகையில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வருமான வரி இல்லை. பல மருத்துவமனைகள் அந்த அளவை ஒட்டியே உதவி வைத்திருக்கின்றன. முன்தேவைப் பாடங்களை எப்படியும் சமுதாயக் கல்லூரியிலேயே படியுங்கள். மாவட்டத்தில் வசிப்பவர்களுக்கு 2023-24 கல்வியாண்டில் ஒரு கிரெடிட் 97 டாலர். அதே பாடத்துக்குப் பல்கலைக்கழகத்தில் பல மடங்கு கொடுக்க வேண்டும். "நேராக நான்கு வருடம்" என்னும் கொழுந்தனாருக்கு இந்த ஒரு கணக்கைக் காட்டினால் போதும். இன்னொரு செய்தியும் சொல்லுங்கள். அரிசோனாவில் 2021-இல் வந்த சட்டத்தின் பயனாக, மரிக்கோப்பா கல்லூரிகளே 2023 முதல் சில துறைகளில் நான்காண்டுப் பட்டம் வழங்குகின்றன. நான்காண்டு என்றாலே பல்கலைக்கழகம் என்ற காலம் மாறிவருகிறது.

விரைவில் முடித்துத் தருகிறோம், முன்தேவை கூட வேண்டாம் என்று அழைக்கும் தனியார் பள்ளிகளும் உங்கள் வட்டாரத்தில் இருக்கும். எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் மாநிலச் செவிலியர் வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் முறையிலேயே என்கிளெக்ஸ் தேறியவர்களின் விகிதத்தை வாரியம் பள்ளிவாரியாக வெளியிடுகிறது. குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அரிசோனா விதி. தேசிய அங்கீகாரமும் முக்கியம்: அசோசியேட் படிப்புக்குப் பெரும்பாலும் ஏ.சி.இ.என். என்ற அமைப்பும், இளநிலைக்கு சி.சி.என்.இ. என்ற அமைப்பும் அதை வழங்குகின்றன. இது இல்லாத பள்ளியில் படித்தால் பின்னால் முதுநிலைக்குப் போகும்போது கதவுகள் மூடியிருக்கும்.

ஆங்கிலம் பற்றி இரண்டே வார்த்தை. நானும் தமிழ்வழியில் படித்தவள். என்னைத் திணறடித்தது இலக்கணம் இல்லை, தொலைபேசி. மருத்துவரை இரவு இரண்டு மணிக்கு அழைத்து நோயாளியின் நிலையை முப்பது விநாடியில் சொல்ல வேண்டும். அதற்கு இங்கே ஒரு வரிசை கற்றுத்தருவார்கள்: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, எனக்கு என்ன வேண்டும். அந்த வரிசையைக் கண்ணாடி முன் நின்று உரக்கச் சொல்லிப் பழகினேன். நீங்களும் அதையே செய்யலாம். இன்னும் நல்ல வழி, முன்தேவைப் பாடங்கள் படிக்கும் காலத்திலேயே சி.என்.ஏ. எனப்படும் செவிலியர் உதவியாளர் பயிற்சியை முடித்து, வார இறுதியில் ஒரு நாள் முதியோர் இல்லத்தில் வேலை செய்வது. காதும் நாவும் பழகிவிடும். அதைவிட, மலம் துடைப்பதும் உடல் புரட்டுவதும் உங்கள் மனத்துக்கு ஒத்துவருகிறதா என்று நான்கு ஆண்டு செலவழிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். "பட்டதாரிப் பெண் இந்த வேலைக்கா?" என்று உறவில் யாராவது முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். நோயாளியைக் குளிப்பாட்டும்போதுதான் முதுகில் தொடங்கும் படுக்கைப் புண் கண்ணில் படுகிறது.

உங்கள் கடிதத்தைப் படிக்கும் வேறு சிலர், வேலை விசாவில் வந்தவரின் துணைக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் இருக்கலாம். அவர்களும் படிக்கலாம், ஆனால் வேலை அனுமதி இல்லாமல் ஆர்.என். ஆக வேலை செய்ய முடியாது, கூட்டரசு நிதியுதவியும் கிடையாது. படிப்பு முடியும் காலத்தில் அனுமதி நிலை என்னவாக இருக்கும் என்று குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

கல்லூரி ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது இவற்றைக் கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் தொடக்கத்திலேயே கிடைக்குமா, அல்லது பிறகு தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா? பின்னதானால் அது கூட்டுப் படிப்பே இல்லை, கிரெடிட்டுகளை மாற்றிக்கொள்வதற்கான வெறும் ஒப்பந்தம். நடுவில் பல்கலைக்கழகப் பாடத்தை விட்டால் சமுதாயக் கல்லூரி இடம் அப்படியே நிற்குமா? என்கிளெக்ஸ் எழுதுவது அசோசியேட் முடிந்தவுடனா, இரண்டு பட்டமும் வந்த பிறகா? இரண்டு கல்லூரிக்கும் நிதியுதவி எந்த ஒன்றின் வழியாக வரும்? ஒரே பருவத்தில் இரண்டிலிருந்தும் வாங்க முடியாது. பதில்களை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். ஆலோசகர்கள் மாறுவார்கள், விதிகளும் ஆண்டுதோறும் மாறும்.

இந்தப் பருவத்தில் மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள், அதோடு ஒரே ஒரு பாடத்தில் சேருங்கள்: உடற்கூறியல்-உடலியங்கியல் முதல் பகுதி. அதற்கு அடிப்படை உயிரியல் வேண்டும் என்றால் முதலில் அது. பிள்ளைகள் தூங்கிய பிறகு படிப்பது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று அந்தப் பதினாறு வாரத்தில் தெரிந்துவிடும். மாலை நேர ஆய்வகப் பிரிவுகள் முதலில் நிறைந்துவிடும். பதிவு திறக்கும் அன்றே இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டு அறிக்கை வந்ததும் எழுதுங்கள். எந்தெந்தப் பாடத்துக்கு விலக்குக் கேட்கலாம் என்று உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் சகோதரி